எலும்பை நிறுத்தும் எஃப்ஜிஎஃப்ஆர்3, கட்டியை மட்டும் வளர்ப்பது ஏன்?
(மன்ற இழை. தனி வரியில் நிற்பவை எழுதுபவர்களின் புனைபெயர்கள்.)

கேள்விக்குறி
அகாண்ட்ரோபிளாசியா (கைகால் குட்டையாகும் பிறவி எலும்பு நோய்) உறுதியான குழந்தைகளின் மரபணு அறிக்கையில் 'எஃப்ஜிஎஃப்ஆர்3, ஜி380ஆர், செயல் கூட்டும் பிறழ்வு' என்று போடுகிறார்கள். முதலாவது மரபணுவின் பெயர், இரண்டாவது அதன் புரதத்தில் 380ஆம் அமினோ அமிலம் ஜியிலிருந்து ஆர் ஆனதற்கான குறி. அதே பெயரை இணையத்தில் தேடினால் பாதிப் பக்கங்கள் சிறுநீர்ப்பைப் புற்றைப் பற்றியவை. எனக்கு இரண்டு சந்தேகம். வளர்ச்சிக் காரணியின் ஏற்பி (செல்லின் மேல் சமிக்ஞையை வாங்கும் புரதம்) கூடுதலாக வேலை செய்தால் எலும்பு நீளத்தானே வேண்டும், ஏன் குட்டையாகிறது? இந்தப் பிறழ்வோடு பிறந்தவர்களுக்குப் புற்று வரும் ஆபத்து அதிகமா?

வளர்ச்சித்தட்டு
இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம், பயம் அங்கேதான் இருக்கும். இவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று கூடுதலாக வருகிறது என்று காட்டும் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தைநல அகாடமி 2020இல் புதுப்பித்த கண்காணிப்பு வழிகாட்டியிலும் புற்றுக்கென்று தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது.

இனி முதல் கேள்வி. பெயரில் 'வளர்ச்சி' இருப்பதுதான் குழப்பம். நீள எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித்தட்டில் இந்த ஏற்பியின் வேலை நிறுத்துவது. 1996இல் இந்த மரபணுவை நீக்கிய எலிகளின் வாலும் நீள எலும்புகளும் இயல்பைவிட நீண்டன. மனிதர்களிலும் ஆர்621எச் என்ற, செயலைக் குறைக்கும் பிறழ்வு உள்ள குடும்பத்தில் உயரம் அதிகம், விரல்கள் மடங்கியிருக்கும், காது கேட்பது குறைவு.

தட்டுக்குள் குருத்தெலும்புச் செல்கள் நாணயம் அடுக்கினாற்போல நிற்கும். மேலே உறங்கும் செல்கள், நடுவில் பெருகுபவை, கீழே பருத்து எலும்பாக மாறப்போகிறவை. ஏற்பி தூண்டப்பட்டால் ஸ்டாட்1 என்ற புரதம் வழியாக, செல் பிரிவதைத் தடுக்கும் பி21 ஏறி, நடு அடுக்கின் பெருக்கம் நிற்கிறது. மேப் கைனேஸ் என்ற சமிக்ஞைச் சங்கிலி வழியில் கீழ் அடுக்கின் பருத்தல் தடைப்படுகிறது. அடுக்கும் குட்டை, ஒவ்வொரு செல்லின் உயரமும் குட்டை. ஜி380ஆர் இந்த நிறுத்தத்தை மிகைப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

தலை பெரிதாகவும் கைகால் குட்டையாகவும் இருப்பதன் காரணமும் இதிலேயே கிடைக்கும். மண்டையின் மேற்கூரை குருத்தெலும்பு வழியாக உருவாவதில்லை, ஆகவே அது வளர்ந்துகொண்டே போகிறது. மண்டையின் அடித்தளம் குருத்தெலும்பிலிருந்து வருவது, அது வளரவில்லை. அதனால் தண்டுவடம் இறங்கும் பெருந்துளை குறுகிப்போகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் உயிருக்கே உலை வைப்பது உயரக் குறைவு அல்ல, இந்தத் துளைதான்.

செல்சுவர்
'நிறுத்தி' என்ற உருவகம் எலும்பில் சரி, அங்கேயே நின்றுவிட்டால் புற்று புரியாது. ஏற்பி ஒரு அழைப்புமணி. மணி அடித்தால் என்ன செய்வது என்பதை வீட்டுக்குள் இருக்கும் செல்தான் முடிவு செய்கிறது. குருத்தெலும்புச் செல்லில் எர்க் (மேப் கைனேஸ் சங்கிலியின் கடைசிக் கண்ணி) சமிக்ஞை நீண்ட நேரம் எரிந்தால் 'பெருகாதே' என்று பொருள். சிறுநீர்ப்பையின் உள்வரிச் செல்லில் அதே எர்க் 'பெருகு' என்கிறது.

ஏற்பியின் வடிவமும் ஒன்றல்ல. ஒரே மரபணுவின் எக்ஸான்களை (புரதக் குறிப்பு உள்ள துண்டுகளை) வெவ்வேறாக இணைத்து, சிறுநீர்ப்பை உள்வரி போன்ற மேற்பூச்சுச் செல்கள் 3பி வடிவத்தையும் குருத்தெலும்புச் செல்கள் 3சி வடிவத்தையும் செய்கின்றன. இரண்டும் பிடிக்கும் வளர்ச்சிக் காரணிகள் வேறு வேறு.

பிறழ்வின் பலத்தையும் சேர்த்துப் பாருங்கள், கேள்விக்குறி. ஜி380ஆர் சவ்வுக்குள் புதைந்த பகுதியில் இருக்கிறது. அது ஏற்பியை முழுதாகத் தானியங்கி ஆக்குவதில்லை. ஜோடி சேர்ந்த நிலையைச் சற்று உறுதியாக்கும், சிதைவைத் தாமதப்படுத்தும், மற்றபடி காரணி வந்து ஒட்டுவதற்குக் காத்திருக்கும். சிறுநீர்ப்பைக் கட்டிகளில் அடிக்கடி வரும் எஸ்249சி வேறு ரகம். செல்லுக்கு வெளியே புதிதாக ஒரு சிஸ்டீன் முளைக்கிறது. இரண்டு ஏற்பிகளின் சிஸ்டீன்கள் கந்தகப் பாலத்தால் பூட்டிக்கொள்கின்றன. காரணியே வேண்டாம், மணி நிற்காமல் அடிக்கும். இதே எஸ்249சி, ஆர்248சி, ஒய்373சி பிறவியிலேயே உடல் முழுதும் இருந்தால் தனாடோபோரிக் டிஸ்பிளாசியா, முதல் வகை. விலாக்கூடு குறுகி நுரையீரல் விரிய முடியாமல் பெரும்பாலும் பிறந்தவுடனே இறப்பு.

கட்டி 'தேர்ந்தெடுப்பது' எலும்பு நோய்களில் மிகக் கொடியதன் பிறழ்வுகளை. மென்மையான ஜி380ஆர் கட்டிகளில் எப்போதாவது தலைகாட்டும், அவ்வளவே.

திசுப்பெட்டி
650ஆம் இடம் இதற்கு நல்ல அளவுகோல். அங்குள்ள லைசின் எதுவாக மாறுகிறது என்பதைப் பொறுத்து நோய் மாறும். குளுட்டமிக் அமிலமானால் தனாடோபோரிக் இரண்டாம் வகை, மூவிதழ் மண்டையோடு. மெத்தியோனின் ஆனால் சடான் என்ற கடுமையான நோய், தோல் கருப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் சேரும். அஸ்பராஜின் அல்லது குளுட்டமின் ஆனால் ஹைப்போகாண்ட்ரோபிளாசியா (அகாண்ட்ரோபிளாசியாவைவிட மென்மையான வடிவம்) மட்டும். ஒரே கோடான் (ஓர் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்து), மூன்று படி.

இனி நடைமுறைச் சிக்கலுக்கு வருகிறேன், அறிக்கை படிக்கும்போது இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். 3சி வடிவம் 806 அமினோ அமிலம், 3பி வடிவம் 808. மாறும் எக்ஸானுக்குப் பிறகு வரும் எல்லா இடங்களும் இரண்டு எண் தள்ளிப்போகும். எலும்பு நோய்க்காரர்கள் 3சி எண்ணை எழுதுவார்கள், கட்டிக்காரர்கள் சில நேரம் 3பி எண்ணை. ஆகவே ஜி370சி என்பதும் ஜி372சி என்பதும் ஒன்றே. ஒய்373சியும் ஒய்375சியும் ஒன்று, கே650ஈயும் கே652ஈயும் ஒன்று. ஜி380ஆரை ஜி382ஆர் என்று பார்த்தால் புதுப் பிறழ்வு என்று பதற வேண்டாம். ஆர்248சி, எஸ்249சி இரண்டும் அந்த எக்ஸானுக்கு முன்னால் வருவதால் எண் மாறாது. அறிக்கையில் எந்த டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவின் எந்த வடிவத்தை வைத்து எண்ணினார்கள்) என்ற வரியைப் பார்க்காமல் எண்களை ஒப்பிடாதீர்கள்.

கேள்விக்குறி
அப்படியானால் பெரியவர் ஒருவருடைய சிறுநீர்ப்பைக் கட்டியில் எஸ்249சி வந்தால் அவர் பிள்ளைகளுக்கும் சோதிக்க வேண்டுமா?

திசுப்பெட்டி
வேண்டாம். எஸ்249சி உடல் முழுதும் இருந்திருந்தால் அவர் பெரியவராகி இருக்கவே மாட்டார். அது கட்டிக்குள் தோன்றியது, அங்கேயே நிற்கும். இந்தத் தர்க்கம் எல்லா மரபணுவுக்கும் பொருந்தாது (மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ போன்றவற்றில் நேர் எதிர்), இதில் பொருந்தும்.

நீர்வழி
ஒரு கூடுதல் தகவல். சிறுநீர்ப்பைக் கட்டிகளில் இந்த மரபணு பிறழ்ந்திருப்பது தெரிந்தது 1999இல்தான், அகாண்ட்ரோபிளாசியாவின் காரணம் தெரிந்து ஐந்து ஆண்டு கழித்து. உள்தசைக்குப் போகாத, தரம் (கிரேடு, அதாவது கட்டிச் செல்களின் கொடுமை) குறைந்த, பூங்கொத்துப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டிகளில் பெரும்பான்மையில் இந்தப் பிறழ்வு உண்டு. தசைக்குள் புகுந்தவற்றில் 15 முதல் 20 சதம் அளவுக்குத்தான். அதனால் இது 'நல்ல புற்று' மரபணு என்று சொல்வோம்.

திசுப்பெட்டி
'நல்ல' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, நீர்வழி. தசைக்குள் இறங்குவது குறைவு, சரி. திரும்பத் திரும்ப முளைப்பது குறையவில்லையே. ஒவ்வொரு முறையும் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா), சுரண்டல். அதோடு, பிறழ்வு இருக்கும்போதே செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான சிடிகேஎன்2ஏ மரபணுவும் தொலைந்தால் கட்டி குணம் மாறி உள்ளே இறங்குகிறது. எஃப்ஜிஎஃப்ஆர்3 இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தரத்தையும் ஆழத்தையும் இரண்டாம் பட்சமாக்குவது தவறு. மாதிரியில் தசை வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தசையே இல்லாத துணுக்கில் 'தசைக்குள் போகவில்லை' என்று எழுத முடியாது.

நீர்வழி
ஒப்புக்கொள்கிறேன். 'மெதுவான' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சோதனை முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. புள்ளிப் பிறழ்வுகளை டிஎன்ஏவில் பிடிக்கலாம். எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு பக்கத்திலிருக்கும் டிஏசிசி3 மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் இணைவு (இரண்டும் 4ஆம் குரோமோசோமின் குறுங்கையில் அருகருகே) டிஎன்ஏ பேனலில் (பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையில்) எளிதாகத் தப்பிவிடும். அதற்கு ஆர்என்ஏ வேண்டும். மெழுகில் பதித்த பழைய திசுவில் ஆர்என்ஏ துண்டு துண்டாகிப் போயிருக்கும். 'இணைவு இல்லை' என்று வந்தால் ஆர்என்ஏ தரம் தேறியதா என்ற வரியையும் படிக்கவும். தேறாவிட்டால் அது 'இல்லை' அல்ல, 'பார்க்க முடியவில்லை'. சாங்கர் என்ற டிஎன்ஏ வாசிப்பு முறையில் பார்த்திருந்தால் இன்னொரு தொல்லை: பிறழ்ந்த பிரதி 15, 20 சதத்துக்குக் கீழே இருந்தால் அந்த முறைக்குக் கண் தெரியாது. அழற்சிச் செல்கள் நிறைந்த துணுக்கில் இது அடிக்கடி நடக்கும்.

டிஏசிசி3 இணைவு 2012இல் முதலில் கண்டறியப்பட்டது கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில். அங்கே சுமார் 3 சதம்.

மச்சை
இரத்தப் பக்கம் யாரும் வரவில்லையே. மல்டிபிள் மைலோமாவில் (ஆன்டிபாடி செய்யும் பிளாஸ்மா செல்களின் புற்று) 4ஆம் குரோமோசோமுக்கும் 14ஆம் குரோமோசோமுக்கும் இடையே துண்டு மாறுவது சுமார் 15 சதம் பேரிடம் உண்டு, 1997இல் விவரிக்கப்பட்டது. ஆன்டிபாடி மரபணுவின் தூண்டி வந்து எஃப்ஜிஎஃப்ஆர்3 பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே இரண்டு பொறி. வழக்கமான குரோமோசோம் படத்தில் இந்த மாற்றம் தெரியாது. மாறும் துண்டுகள் நுனியில் இருப்பவை, பட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும். சிடி138 என்ற மேற்பரப்புக் குறியை வைத்துப் பிளாஸ்மா செல்களைப் பிரித்து ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் மரபணுவின் இடத்தைப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். பிரிக்காமல் செய்தால் எலும்பு மச்சையில் உள்ள மற்ற செல்கள் விடையை நீர்த்துப்போகச் செய்யும்.

இரண்டாவது, இந்த மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதத்தினரின் செல்களில் எஃப்ஜிஎஃப்ஆர்3 புரதமே இருக்காது. ஆனாலும் நோய் அதே வேகத்தில் போகும். காரணம், அதே முறிவில் என்எஸ்டி2 மரபணுவும் தூண்டப்படுகிறது, அது எல்லாரிடமும். எஃப்ஜிஎஃப்ஆர்3 இங்கே கூட வந்தவர், கதாநாயகர் என்எஸ்டி2.

ஆட்டுப்பட்டி
இழைக்குச் சற்று வெளியே: சஃபோக் செம்மறிகளில் 'சிலந்திக் குட்டி' என்று ஒரு நோய் உண்டு. கால்கள் நீண்டு வளைந்து, நிற்க முடியாமல் போகும். இதே மரபணு இரண்டு பிரதியிலும் செயலிழந்ததால் வருவது. ஒரு பிரதி மட்டும் பழுதான ஆடு சற்று நெடிதாகத் தெரிவதால் கண்காட்சிகளில் விரும்பப்பட்டு, நோய் பரவியது. வளர்ச்சித்தட்டு சொன்ன எலிக்கு மந்தையில் சாட்சி.

கேள்விக்குறி
மருந்துப் பக்கம் யாராவது விளக்குவீர்களா? புற்றுக்குக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையையே குழந்தைக்கும் கொடுக்கலாம் அல்லவா?

மருந்தாளுநர்
யோசனை தவறல்ல, அளவில்தான் எல்லாம் இருக்கிறது. புற்றுக்கான எர்டாஃபிட்டினிப் நாளுக்கு 8 மி.கி. என்று தொடங்கி, இரத்தப் பாஸ்பேட்டும் கண்ணும் இடம் கொடுத்தால் 9 மி.கி. ஆகிறது. பாஸ்பேட்டை 14 முதல் 21 நாளுக்குள் பார்க்க வேண்டும். அது எஃப்ஜிஎஃப்ஆர்3 மட்டுமல்ல, 1 முதல் 4 வரை எல்லாவற்றையும் அடைக்கும். சிறுநீரகத்தில் பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்லும் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோன் பேசுவது எஃப்ஜிஎஃப்ஆர்1 வழியாக. அதுவும் அடைபடுவதால் பாஸ்பேட் ஏறும். உணவில் நாளுக்கு 600 முதல் 800 மி.கி. பாஸ்பேட் என்று கட்டுப்படுத்தச் சொல்வது இதனால்தான். விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கலாம். ஆகவே முதல் நான்கு மாதம் மாதாமாதம் கண் பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாய்ப்புண், நகம் கழன்றுபோவது எல்லாம் சாதாரணம். முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றில் கீமோவோடு ஒப்பிட்ட சோதனையில் இடைநிலை ஆயுள் 7.8 மாதத்திலிருந்து 12.1 மாதமானது. அந்த நிலையில் இந்தத் தொல்லைகளைப் பொறுக்கலாம். நன்றாக ஓடியாடும் குழந்தைக்கு அல்ல.

குழந்தைக்கு முதலில் வந்தது வேறு வழி. சி.என்.பி. என்ற பெப்டைடு குருத்தெலும்புச் செல்லில் தன் சொந்த ஏற்பி மூலம் சிஜிஎம்பி என்ற தூது மூலக்கூறை ஏற்றி, மேப் கைனேஸ் சங்கிலியை ராஃப் என்ற கண்ணியில் தடுக்கிறது. எஃப்ஜிஎஃப்ஆர்3ஐத் தொடுவதே இல்லை. இயற்கைச் சி.என்.பி. இரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் சிதைந்துபோகும். சிதைவைத் தாங்கும் 39 அமினோ அமில வடிவம்தான் வோசோரிட்டைடு. தினமும் தோலடி ஊசி. 121 குழந்தைகள் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில் ஆண்டுக்கு 1.57 செ.மீ. கூடுதல் வளர்ச்சி. 2021இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதித்தன. வளர்ச்சித்தட்டு மூடிவிட்டால் பயன் இல்லை, நிறுத்த வேண்டும்.

வீட்டில் பிழை நடக்கும் இடத்தைச் சொல்கிறேன். குப்பிகள் மூன்று: 0.4, 0.56, 1.2 மி.கி. முதல் இரண்டும் கரைத்தபின் மில்லிலிட்டருக்கு 0.8 மி.கி., மூன்றாவது 2 மி.கி. எடை 22 முதல் 32 கிலோ வரை ஒரு வேளை 0.5 மி.லி. 33 கிலோவில் மூன்றாம் குப்பிக்கு மாறும்போது அது 0.25 மி.லி. ஆகக் குறைகிறது. எடை கூடினால் மருந்தின் கன அளவும் கூடும் என்ற பழக்கத்தில் பழைய கோடு வரை இழுத்தால் இரட்டிப்பு மருந்து. இரத்த அழுத்தம் இறங்கும் மருந்து இது. ஊசிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் சாப்பாடும் 240 முதல் 300 மி.லி. திரவமும் உள்ளே போயிருக்க வேண்டும். குலுக்காமல் சுழற்றிக் கரைக்கவும், கரைத்த மூன்று மணி நேரத்துக்குள் போடவும்.

செல்சுவர்
இன்ஃபிக்ராட்டினிபையும் சொல்லிவிடுங்கள், கேள்விக்குறி கேட்டது அதைத்தான்.

மருந்தாளுநர்
ஆமாம். பித்தநாளப் புற்றுக்கு நாளுக்கு 125 மி.கி. கொடுத்த மாத்திரை அது. அகாண்ட்ரோபிளாசியா சோதனையில் கிலோவுக்கு 0.25 மி.கி., அதாவது 20 கிலோ குழந்தைக்கு 5 மி.கி. இருபத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டாம் கட்டத்தில் அந்த அளவு பெற்ற சிறு குழுவில் ஆண்டுக்கு சுமார் 2.5 செ.மீ. கூடியது. மணியைக் கழற்ற வேண்டாம், ஒலியைக் குறைத்தால் போதும் என்பதுதான் இதன் கணக்கு. பெரிய குழுவின் எண்ணும் நீண்ட காலப் பின்தொடர்தலும் இல்லாமல் வோசோரிட்டைடோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது அவசரம். வளர்ச்சி ஹார்மோன் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: முதல் ஆண்டில் வேகம் தெரியும், கடைசி உயரத்தில் நிற்பது சொற்பம்.

வளர்ச்சித்தட்டு
உயரத்திலேயே பேச்சு நின்றுவிடக் கூடாது. முதல் ஆண்டில் பார்க்க வேண்டியது பெருந்துளையும் தூக்கத்தில் மூச்சும். தூக்க ஆய்வு செய்ய வேண்டும். மைய மூச்சுநிறுத்தம், கணுக்கால் துடிப்பு, மிகையான அனிச்சை இருந்தால் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் துளையை அகலப்படுத்தும் அறுவை. தலைச்சுற்றளவை அகாண்ட்ரோபிளாசியாவுக்கென்று உள்ள வரைபடத்தில் குறிக்கவும். பொது வரைபடத்தில் குறித்தால் எல்லாக் குழந்தைக்கும் மூளைநீர் தேக்கம் இருப்பதுபோலத் தெரியும், உண்மையாகவே தேங்கும் குழந்தை கூட்டத்தில் மறைந்துவிடும்.

தாங்கல் இல்லாமல் சீக்கிரம் உட்காரவைப்பதும், துணித்தொட்டி போல முதுகு வளையும் இருக்கையும் கூடாது. தசை தளர்வு, தலை பாரம் இரண்டும் சேர்ந்து நடுமுதுகில் கூன் விழும். தானாக உட்காரும் வரை காத்திருப்பதில் நஷ்டமில்லை.

கேள்விக்குறி
கடைசியாக ஒன்று. பெற்றோர் இருவரும் சராசரி உயரம். இது எங்கிருந்து வந்தது, அடுத்த குழந்தைக்கும் வருமா?

செல்சுவர்
சுமார் 80 சதம் புதிதாகத் தோன்றியவை, ஏறக்குறைய எல்லாமே தந்தையின் விந்தணுவில். தந்தையின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். அடுத்த குழந்தைக்கு வருவது 1 சதத்துக்கும் கீழ், பெற்றோரின் முளைச்செல்களில் (விந்தணு, கருமுட்டை தரும் செல்களில்) சில மட்டும் பிறழ்ந்த கலப்பு இருந்தால் மட்டும். (பெற்றோர் இருவருக்குமே அகாண்ட்ரோபிளாசியா என்றால் கணக்கு வேறு: கால் பங்கு சராசரி உயரம், பாதி அகாண்ட்ரோபிளாசியா, கால் பங்கு இரட்டைப் பிரதி, அது பிழைக்காது.)

உங்கள் முதல் பதிவில் இருந்த புற்றும் எலும்பும் நிஜமாகவே கைகுலுக்கும் இடம் இதுதான். ஜி380ஆரைத் தருவது மரபணுவின் 1138ஆம் இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து ஏ ஆவது, அது எளிதில் நடக்கும் வேதிமாற்றம். ஆனாலும் அந்த எளிமை மட்டும் இத்தனை குழந்தைகளை விளக்கப் போதாது. விரையில் விந்தணுவைச் செய்யும் தாய்ச்செல் ஒன்றில் பிறழ்வு விழுந்தால், அது அண்டைச் செல்களைவிடக் கொஞ்சம் வேகமாகத் தன்னைப் பெருக்கிக்கொண்டு இடம் பிடிக்கிறது. ஆண்டுகள் போகப் போக அதன் வாரிசு விந்தணுக்கள் கூடும். பலமான கே650ஈ அங்கே விழுந்தால் முதியவர்களிடம் வரும் ஸ்பெர்மடோசைட்டிக் என்ற விரைக் கட்டியிலேயே அதைக் காணலாம். விரையில் பெருகச் சொன்ன அதே எழுத்து, குழந்தையின் வளர்ச்சித்தட்டில் நிற்கச் சொல்கிறது.

திசுப்பெட்டி
செல்சுவர், படிப்பவர் குழம்பாமல் இருக்க ஒரு வரி: அந்தக் கட்டி அரிது, தந்தைக்கு ஜி380ஆர் குழந்தை பிறந்ததால் அவருக்கு விரைப் பரிசோதனை தேவையில்லை.

செல்சுவர்
ஆம், தேவையில்லை. சேர்த்ததற்கு நன்றி.